தனிப்பட்ட தகவல், ஜனவரி 11

மார்ச் 4

ஆராய்ச்சியாளர் அம்மா அவர்களுக்கு,

உன் அண்ணன் பெண்டாட்டி எழுதுவது. வழக்கமாக 'சின்னவளே' என்று தொடங்குவேன். இன்றைக்குக் கை வரவில்லை. போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் உன்னிடம் வாயைக் கொடுத்துத்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இனி நமக்குள் பேச்சு எதுவானாலும் தாளில் இருக்கட்டும். நான் என்ன சொன்னேன் என்பதற்கு என்னிடமும் ஒரு நகல் இருக்கும். இரண்டு நாளாக உன் அழைப்பை நான் எடுக்காததற்குக் காரணம் அதுதான்.

திங்கட்கிழமை டூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில் மேட்ரன் கூப்பிட்டார். மேசையில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். உன் ஆய்வேடு. எங்கள் வீட்டில் நாலு மாதம் தங்கி, எங்கள் மருத்துவமனை நர்சுகளைப் பேட்டி கண்டு, நோயாளிகள் கட்டிலில் இருந்து அழுத்தும் அழைப்பு மணியைப் பற்றி எழுதினாயே, அதேதான். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் முன் மருத்துவமனைக்கு ஒரு நகல் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாய். சொன்ன சொல் தவறாமல் அனுப்பிவிட்டாய். நடுவில் ஒரு பக்கத்தில் மேட்ரன் துண்டுக் காகிதம் செருகி வைத்திருந்தார்.

"இதைக் கொஞ்சம் சத்தமா படிங்க சிஸ்டர்" என்றார். படித்தேன். 'பார்வையாளர் நேரத்தில் மணியின் ஒலி குறைத்து வைக்கப்பட்டிருந்தது. நோயாளி அழைத்தும் எவர் காதிலும் விழவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.' அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்: எலும்பு முறிவுப் பிரிவின் மூத்த செவிலியர், தனிப்பட்ட தகவல், ஜனவரி 11.

"ஜனவரி பதினொண்ணு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு மத்தியானம் அந்த வார்டுல எத்தனை சீனியர் சிஸ்டர் இருந்தீங்க?"

"ஒருத்தர்தான் மேடம்."

"யாரு அது?"

"நான்தான் மேடம்" என்றேன்.

அன்று விழுந்த தையற்காரரை உனக்கு நினைவிருக்கும். ஜன்னலோரக் கட்டில், இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்தவர். 'நோயாளி மணியை அழுத்தாமல் தானாக எழுந்து நடக்க முயன்றதால் விழுந்தார்' என்று மேட்ரன் அறிக்கை கொடுத்தார். நான் மறுத்துப் பேசவில்லை. அது தாங்காமல்தான் அன்று சாயங்காலம் உன்னிடம் போனில் அழுதேன். அழுததை நீ புத்தகத்தில் போட்டாய். அவர் மகள் புகார் கொடுத்திருப்பதால் இருபதாம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்கள்.

உன் அண்ணனுக்கு வேலை போய் வீட்டில் இருக்கிறார் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது இந்த வீடு என் ஒருத்தி சம்பளத்தில் நிற்கிறது. அந்த வாக்கியத்தை எடு. வேறு எதுவும் எனக்கு எழுத வேண்டாம். எடுத்துவிட்டேன் என்று எழுது, போதும்.

உன் அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நூலக வாசலில் நின்றே படித்தேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

பெயரைப் போடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். ஆனால் ஒவ்வொரு வகைச் சான்றுக்கும் ஒரு விதி இருக்கிறது, அண்ணி. புத்தகம் என்றால் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம். இதழில் வந்த கட்டுரை என்றால் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் சேரும். இணையப் பக்கம் என்றால் அதன் முகவரி; மாறக்கூடிய பக்கம் என்றால் பார்த்த நாளும் வேண்டும். இவை எல்லாம் ஆய்வேட்டின் கடைசியில் பட்டியலாக வரும். வாயால் சொன்னதற்கு மட்டும் பட்டியலில் இடம் கிடையாது. வேறொருவர் தேடிப் போனால் கிடைக்காதல்லவா? அதற்கு வாக்கியத்தின் பக்கத்திலேயே 'தனிப்பட்ட தகவல்' என்று அடைப்புக்குறி. அதில் யார் சொன்னது என்பதும் எந்த நாள் என்பதும் இருந்தாக வேண்டும். 'நாள் எங்கே?' என்று என் ஆய்வை மேற்பார்க்கும் நெறியாளர் சிவப்பு மையால் இரண்டு முறை சுழித்துத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை நாளைப் போட்டேன். நாளே உங்களைக் காட்டிக் கொடுக்கும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

அதற்காக எல்லாப் பழியையும் என் தலையில் கட்டாதீர்கள். அன்று நீங்கள் பேசி முடித்ததும், "அண்ணி, இதை நான் எழுதிக்கலாமா?" என்று கேட்டேன். "என்னமோ பண்ணிக்கோ" என்றீர்கள். அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். நான்காம் இயல் முழுக்க அந்த வாக்கியத்தின் மேல் நிற்கிறது. மற்ற நர்சுகள் எல்லாம் 'சில சமயம் கேட்காது', 'அப்படியும் நடக்கலாம்' என்று பூசி மெழுகினார்கள். நடந்தது என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அதை எடுத்துவிட்டால் அந்த மனிதர் மணியை அழுத்தினார் என்று இந்த உலகத்தில் எங்குமே எழுத்தில் இருக்காது. அவருக்காக விக்கி விக்கி அழுத நீங்களா இதைக் கேட்கிறீர்கள்?

அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் சின்னவள்

மார்ச் 13

உனக்கு,

விதி விளக்கம் படித்துப் புல்லரித்துப் போனேன். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். ஒன்பது நர்சுகளைப் பேட்டி எடுத்தாய். ஒவ்வொருவருக்கும் ஒப்புதல் படிவம் கொடுத்தாய்; என் சமையலறை மேசையில் வைத்துத்தானே மடித்தாய்? எழுதி முடித்த பிறகும் அவரவர் சொன்னதை அவரவருக்கே படித்துக் காட்டினாய். 'இது வேண்டாம் மேடம்' என்று ஒருத்தி சொன்னதும் அடித்தாய். செவிலியர் ஒன்று, செவிலியர் இரண்டு என்று எல்லோருக்கும் எண் கொடுத்து மறைத்தாய். வீட்டுக்காரிக்கு மட்டும் படிவமும் இல்லை, எண்ணும் இல்லை. தேதி போட்டு நடுத்தெருவில் நிறுத்தினாய். வெளியாள் என்றால் பயம். அண்ணி என்றால் எடுத்துக்கொள்ளலாம், அப்படித்தானே?

'என்னமோ பண்ணிக்கோ' என்றேனாம். மூக்கைச் சிந்திக்கொண்டே ஒருத்தி சொல்வது சம்மதமா? நான் சொன்னது என் நாத்தனாரிடம். ஆராய்ச்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வது தெரிந்திருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டேன்.

தையற்காரரை வைத்து என்னைக் குத்துகிறாய். அவரை வாராவாரம் பார்ப்பது நான். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சிக்கு மகள்தான் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறாள். தையல் மிஷினை மிதிக்க இனி அவருக்குக் கால் வராது. "ஒரு நர்ஸ் கூடப் பக்கத்துல இல்லியா?" என்பதுதான் அவள் புகார். ஆனால் அப்பா மணியை அழுத்தவில்லை என்று எழுதியிருப்பதை அவளும் நம்பிவிட்டாள். போன வாரம் வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறாள்: "கைக்குப் பக்கத்துலதானே இருந்துச்சு சுவிட்ச்? அழுத்தித் தொலைச்சிருக்கலாம்ல? அவ்வளவு வீறாப்பு." அவர் என்னைப் பார்த்தார். நான் பேண்டேஜ் சுருளை எடுக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அன்று ஒலியைக் குறைத்தது என் கை. பார்வையாளர்கள் குறை சொல்கிறார்கள், ஞாயிறு மதியம் குறைத்து வைத்து விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது மேட்ரன். முப்பது கட்டிலுக்கு ஒருத்தியாக, திரைக்குப் பின்னால் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் எந்தக் கண்ணால் விளக்கைப் பார்ப்பது?

மேட்ரன் நேற்று மறுபடி கூப்பிட்டார். குரல் தேனாக இருந்தது. "எழுதினவங்களே தப்புன்னு ஒரு லெட்டர் கொடுத்துட்டா இது இத்தோட போயிடும் சிஸ்டர். இல்லேன்னா உங்களை என்னால காப்பாத்த முடியாது" என்றார். விசாரணைக்குள் அந்தக் கடிதம் வர வேண்டும். உன் அண்ணன் இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என் தங்கச்சி படிப்பா, உன் வேலையான்னு என்னைக் கேக்காதே" என்கிறார். நான் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

அண்ணி

மார்ச் 17

அண்ணிக்கு,

எடுத்துவிட்டேன்.

மேட்ரனுக்குக் கடிதமும் இன்று காலை விரைவு அஞ்சலில் போய்விட்டது. அவர் கேட்டபடியே எழுதினேன்: 'மேற்படி தகவலுக்கு ஆதாரம் ஏதுமில்லை. தவறுதலாகச் சேர்க்கப்பட்டது. வருந்துகிறேன்.' உங்களுக்கும் ஒரு நகல் வைத்திருக்கிறேன். எழுத்தில் இருக்கட்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

அந்த இடத்தில் இப்போது ஓர் ஆய்விதழ்க் கட்டுரையை வைத்திருக்கிறேன். நான் பார்த்தே இராத ஒரு மருத்துவமனை, எப்போதோ எடுத்த கணக்கெடுப்பு. ஆசிரியர்கள் மூவர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் பொருத்தமாக இருக்கின்றன. "இப்பதாம்மா இயல் சுத்தமா இருக்கு" என்று நெறியாளர் பாராட்டினார். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தள்ளிவிட்டுப் போகிறேன்.

படிவம் பற்றிக் கேட்டீர்கள். பதில் சொல்லாமல் இருந்தால் இன்று தூக்கம் வராது. பேட்டி என்று போட்டால் உங்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், எழுதியதைக் காட்ட வேண்டும். காட்டினால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள் என்று உள்ளூர எனக்குத் தெரியும். தனிப்பட்ட தகவல் என்று போட்டால் படிவத்தைப் பற்றி என்னை யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தான் அந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன். நீங்கள் சொன்னது சரி. அண்ணிதானே என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். இனி உங்களுக்கு எழுதித் தொல்லை கொடுக்க மாட்டேன்.

மார்ச் 21

சின்னவளே,

நேற்று விசாரணை நடந்தது.

பெரிய டாக்டர், மேட்ரன், நிர்வாக அதிகாரி மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் தையற்காரரின் மகள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர். நான் சுவர் ஓரமாக. மேட்ரன் அறிக்கையைப் படித்து முடித்ததும் நிர்வாக அதிகாரி உன் ஆய்வேட்டுப் பக்கத்தைப் பற்றிக் கேட்டார். அதற்கே காத்திருந்தது போல மேட்ரன் உன் கடிதத்தை எடுத்தார். 'ஆதாரம் ஏதுமில்லை' என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தார்.

அந்த மகள் அப்பா பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, அலுத்துப்போன குரலில் சொன்னாள்: "கேட்டுக்கிட்டியாப்பா? நீ அழுத்தலேன்னு எழுத்துலயே வந்துருச்சு. இனிமேலாவது அந்தப் பேச்சை விடு. ஊரெல்லாம் பொய் சொல்லி என்ன கிடைக்கப் போகுது?"

அவர் மடியில் இருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சரிம்மா என்று தலையாட்டினார், சின்னவளே. ஒத்துக்கொண்டுவிட்டார்! தான் அழுத்தவில்லை என்று தானே ஒத்துக்கொண்டார்!

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அழுத்தினாரும்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான் ஓடி வந்தப்போ அவர் கட்டிலுக்கு மேல விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சத்தத்தைக் குறைச்சு வெச்சது நான். குறைக்கச் சொன்னது மேடம். அந்தப் புத்தகத்துல இருக்கறது நான் சொன்னது. ஆதாரம் இல்லேன்னு அந்தப் பொண்ணு எழுதினது எனக்காக."

மேட்ரன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெரிய டாக்டர் பேனாவை மூடினார். என் மேல் தனி விசாரணை, அது முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சாயங்காலமே தாள் கொடுத்துவிட்டார்கள். உன் அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுல உக்காருவோம், பேச்சுத் துணையாச்சு" என்றார். சிரித்தேன், அழுதேன், என்னவோ செய்தேன். பயமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

உன் படிப்பையும் நான் குழப்பிவிட்டேன். பொய்க் கடிதம் கொடுத்தாய் என்று உனக்கும் கேள்வி வரும். ஆனாலும் கேட்கிறேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் போடு. மூத்த செவிலியர் என்று மொட்டையாகப் போடாதே. என் பெயரைப் போடு. இது சம்மதம். மூக்கைச் சிந்தாமல் எழுதுகிறேன்.

அண்ணி

மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக நெறியாளர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேட்ரனுக்குப் பொய் எழுதியதையும் படிவத்தைத் தவிர்த்ததையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இந்த மாசம் கொடுக்க முடியாது. ஒழுங்குக் குழுவுக்கு நான் எழுதியாகணும். அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். ஆறு மாதமோ, ஒரு வருடமோ தள்ளிப் போகலாம். அதோடு முடிந்தாலும் சரி. என் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக மருத்துவமனையின் நிர்வாக அதிகாரிக்கு எழுதிவிட்டேன். நகல் உள்ளே இருக்கிறது. இது உங்களுக்கு எந்த அளவுக்கு உதவும் என்று தெரியவில்லை. உதவ வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

வாக்கியத்தைத் திரும்பப் போட உட்கார்ந்தேன். உங்கள் பெயரை எழுதினேன். பதவி, நாள், எல்லாம் எழுதினேன். பிறகு கை நின்றுவிட்டது. நீங்கள் பார்த்தது விளக்கை. மணியை அழுத்தியது நீங்கள் இல்லை. இருநூறுக்கு மேல் சான்றுகளை அடுக்கி வைத்திருக்கிறேன், அண்ணி. புத்தகம், கட்டுரை, அரசு அறிக்கை, செய்தித்தாள், ஒன்பது நர்சுகள், மணி தயாரிக்கும் கம்பெனியின் கையேடுகூட இருக்கிறது. அழைப்பு மணியைப் பற்றிய ஆய்வேட்டில் படுக்கையில் கிடந்து மணியை அழுத்திய ஒரு மனிதர்கூட இல்லை. நாலு மாதம் அந்த வார்டில் திரிந்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. நெறியாளரும் கேட்கவில்லை, 'நாள் எங்கே' என்றுதான் கேட்டார். வெட்கமாக இருக்கிறது.

தையற்காரரை நான் பார்க்க வேண்டும். இந்த முறை படிவத்தோடு. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுவேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுவேன். எனக்காக அவரிடம் கேட்பீர்களா? என்னைத் திட்டினாலும் சரி, அப்படியே எழுதுங்கள். நம் வீட்டுக்கு நான் வரலாமா என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் சின்னவள்

மார்ச் 30

சின்னவளே,

வீட்டுக்கு வர உனக்கு யார் அனுமதி கொடுக்க வேண்டும்? கிளம்பி வா. என் விசாரணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. நிர்வாக அதிகாரி உன் கடிதம் வந்ததாகச் சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று மதியம் தையற்காரர் வீட்டுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, வழியை விட்டு நின்றாள். மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். உன்னைப் பற்றிச் சொன்னேன், படிவத்தைப் பற்றிச் சொன்னேன். உன் கடிதத்தில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு வந்து என்ன கேக்கும்?" என்றார்.

"நீங்க மணி அடிச்சீங்களான்னு கேக்கும்" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அதை இதுவரைக்கும் யாரும் கேக்கலியேம்மா. எல்லாரும் ஏன் அடிக்கலேன்னுதான் கேட்டாங்க. வரச் சொல்லு."

அண்ணி